செட்டிநாட்டுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காலையில் பிள்ளையார்பட்டி, மதியம் காரைக்குடியில் சாப்பாடு, மாலையில் ஊர் திரும்புவது. பலரும் இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என ஊர் ஊராகப் பரந்து கிடக்கிறது செட்டிநாடு. இரண்டு இரவாவது தங்குங்கள்.

வீடுகளின் முகப்பை மட்டும் படமெடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய வீட்டின் அழகே அதன் நீளத்தில்தான் இருக்கிறது. திண்ணை, முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். தலைவாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அதற்காகக் கதவு திறந்திருக்கிறதே என்று நுழைந்துவிடவும் கூடாது. கல்யாணத்துக்கும் சாமி கும்பிடுவதற்கும் குடும்பம் வந்து கூடுகிற சொந்த வீடுகள் அவை. ஆத்தங்குடி லட்சுமி வீடு போல, கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகளும் உண்டு.

ஆத்தங்குடி வரை போய்விட்டு, தரையில் பதிக்கும் வண்ணப் பூக்கல் செய்யும் பட்டறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கிறது. அதன்மேல் மணலும் சிமென்டும் சேர்த்து அழுத்தி, உலரவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, கண்ணாடியை எடுத்ததும் தெரிகிற பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நூலளவு வேறுபாடு இருந்தால் குறை சொல்லாதீர்கள், அது கைவேலையின் அடையாளம்.

நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். விடியற்காலையில் பிள்ளையார்பட்டிக்குப் போனால், பக்கத்திலேயே இருக்கும் வைரவன்பட்டிக்கும் நேரம் கிடைக்கும். நகரத்தாரின் குலப்பிரிவுகளுக்குரிய ஒன்பது நகரக் கோயில்களில் இரண்டும் அடக்கம். திருமயம் கோட்டைக்கு உச்சி வெயிலில் ஏறாதீர்கள், பாறை கொதிக்கும்.

சற்று வடக்கே, புதுக்கோட்டைப் பக்கம் போய், பழைய ஓவியங்கள் இருக்கும் சமணக் குகைக்கோயிலான சித்தன்னவாசலைப் பார்க்கிறவர்கள், குடைவரைக்குள் நுழைந்த வேகத்தில் "ஓவியம் அழிந்துவிட்டது" என்று வெளியே வந்துவிடுகிறார்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியாது. ஐந்து நிமிடம் அண்ணாந்து நில்லுங்கள். விதானத்துத் தாமரைக் குளத்தில் முதலில் இலைகள், பிறகு மீன்கள், யானை, கடைசியில் பூப்பறிக்கும் ஆட்கள் ஒவ்வொருவராகத் தெரிவார்கள்.