நாக் சென்சார் கெட்டால் வண்டி ஏன் இழுப்பதில்லை? சோதித்து மாற்றும் முறை

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி திணறுகிறது, மைலேஜ் இறங்கிவிட்டது, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. பிளக், ஏர் ஃபில்டர் நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது நாக் சென்சாரை.

பல கார்களில் இது நடுவில் துளையுள்ள சின்ன வட்டு. இன்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். உள்ளே பீசோ படிகம். சிலிண்டரில் மிச்சமுள்ள கலவை தானாகவே வெடித்துத் தட்டும்போது எழும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வை மின்னழுத்தமாக்கி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்கு அனுப்பும். இசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, சில டிகிரி பின்னுக்குத் தள்ளும். தட்டல் நின்றதும் மெல்ல முன்னுக்குக் கொண்டுவரும்.

சென்சார் செத்துவிட்டால் இசியுவுக்குக் காது கேட்காது. அதனால் பாதுகாப்புக்காக டைமிங்கைப் பின்னுக்கே வைத்துவிடும். பொறி தாமதமாக விழுவதால் பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட்டில் வெளியேறுகிறது. பிக்கப் குறைவதும் பெட்ரோல் கூடுதலாகக் குடிப்பதும் இதனால்தான். இதைவிட மோசமானது சிக்னல் பலவீனமாகி, இசியுவில் பிழைக் குறியீடும் விழாமல் இருப்பது. அப்போது தட்டல் அடங்காது. நாளடைவில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடையலாம்.

பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுங்கள். பி0325 என்றால் சர்க்யூட் கோளாறு, பி0327 சிக்னல் குறைவு, பி0328 அதிகம். வி வகை இன்ஜினில் இரண்டாவது பக்கத்துக்கு பி0330 முதல் பார்க்க வேண்டும். குறியீட்டைப் பார்த்ததும் புது சென்சார் வாங்க ஓடாதீர்கள். குற்றவாளி பல நேரம் வயர்தான்.

இன்ஜின் ஆறியதும் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, எண்ணெய் இறங்கியிருக்கிறதா, ஷீல்டு வயர் வெப்பத்தில் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, இரண்டு பின்னிலும் பிடித்துக்கொண்டு, சென்சாருக்கு அருகே பிளாக்கில் சிறு ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். சென்சாரின் மேலேயே தட்டக் கூடாது, படிகம் விரிசல் விடும். ஒவ்வொரு தட்டுக்கும் அளவு துள்ள வேண்டும். அசையவே இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். ஓம் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது மாடலுக்கு மாடல் மாறும்.

மாற்றும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சென்சார் உட்காரும் இடத்தில் துரு, பெயிண்ட் இருக்கக் கூடாது. வாஷரும் போடக் கூடாது. போல்ட்டை டார்க் ரெஞ்சால்தான் முடுக்க வேண்டும். எம்8 போல்ட்டில் உட்காரும் தட்டை வகைக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. தளர்ந்தால் அதிர்வு சரியாக ஏறாது, அதிகம் முடுக்கினால் சென்சாரின் உணர்திறன் மாறிப்போகும். பிழைக் குறியீடு வந்த பழைய சென்சாரையே இந்த அளவில் மறுபடி முடுக்கியதும் சரியாகிவிடுவதும் உண்டு.

பிழைக் குறியீட்டை அழித்து, இன்ஜின் சூடானதும் ஏற்றத்தில் ஓட்டி ஸ்கேனரில் நாக் ரிட்டார்டை, அதாவது தட்டலுக்காக டைமிங் பின்னுக்குப் போகும் அளவை, கவனியுங்கள். புது சென்சாருக்குப் பிறகும் அது ஏறிக்கொண்டே இருந்தால் நிஜமாகவே தட்டல் இருக்கிறது, அல்லது வேறு சத்தத்தைச் சென்சார் தட்டலாக எடுத்துக்கொள்கிறது. ஆக்டேன் குறைந்த பெட்ரோல், சிலிண்டரில் படிந்த கார்பன், இன்ஜின் அதிகச் சூடு, தளர்ந்த பிராக்கெட்டின் சத்தம், இவற்றைத் தேடுங்கள்.