நின்றால் சூடாகும் கார்: தெர்மோஸ்டாட்டில் கை வைக்கும் முன்

போன வாரம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு பொருள். பிரித்தால் தெர்மோஸ்டாட் வால்வு, இன்ஜின் தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் பாகம், அவரே கழற்றியது. "அண்ணே, இதை எடுத்துட்டேன், அப்பவும் சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது" என்றார். இதே வேலையை இருபது வருஷத்துக்கு முன்னால் என் மாமா காரில் நானும் செய்தேன், அவருக்குப் பெரிய செலவு வைத்தேன். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதே இடத்தில் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் தண்ணீர்) அளவைப் பார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எப்போது சூடாகிறது என்று கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது

நான்குவழிச் சாலையில் 80 வேகத்தில் போகும்போது முள் பாதியிலேயே நிற்கிறது, டோல்கேட் வரிசையில் நின்றதும் ஏறுகிறது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். வேகத்திலும் ஏற்றத்திலும் சூடாகி, நின்றால் இறங்குகிறது என்றால் அது வேறு நோய்: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அமுங்கிப்போன ஹோஸ் என்று தேட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" இந்த ஒரு வாக்கியம் எத்தனை இன்ஜினைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வெளியே வெயில் 40 டிகிரி அடிக்கலாம், இன்ஜினுக்கு வேண்டியது 90 டிகிரியை ஒட்டிய சூடு. வால்வின் விளிம்பில் 82 அல்லது 88 என்று ஓர் எண் அடித்திருக்கும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும்.

பலரும் கவனிக்காத விஷயம் அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது. பல இன்ஜின்களில் வால்வின் கீழே ஒரு சின்னத் தட்டு உண்டு. மேலே ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போது, இந்தத் தட்டு கீழே இறங்கி பைபாஸ் துளையை மூடும். வால்வையே எடுத்துவிட்டால் அந்தத் துளை எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்ப இன்ஜினுக்குள் போய்விடும். தண்ணீர் வேகமாக ஓடுவதால் ஆற நேரம் இல்லை என்று சிலர் காரணம் சொல்வார்கள், அது சரியில்லை. காரணம் இந்தத் துளைதான்.

காலையில் கிளப்பினால் வண்டி சூடாகவே நேரம் எடுக்கும். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று இசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் சரியாகச் சூடாகாததால் ஈரம் தங்கி, ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படியும். அதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு) போய்விட்டது என்று இன்னொருவர் ஹெட்டையே இறக்குவார்.

மாமா காரில் நடந்ததும் இதுதான். மார்கழிக் குளிரில் கழற்றினேன், முள் பாதியைத் தாண்டவில்லை, சரி, வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. ஏசி வேறு ஓடியிருக்கிறது. முள் சிவப்பைத் தொட்டதை மாமா கவனிப்பதற்குள் ஹெட் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து ஹெட் ஃபேசிங் (வளைந்த முகத்தைச் சமப்படுத்துவது), புது கேஸ்கட், கூலி என்று அந்தக் காலத்திலேயே 12,000 ரூபாய். பிரித்துப் பார்த்தபோது உண்மையான பழுது ஃபேன் மோட்டாரில் இருந்தது. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து துவரம்பருப்பு அளவுக்கு வந்திருந்தன. அப்போது ஒரு ஜோடி நூறு ரூபாய்கூட ஆகாது.

வால்வு மேல் சந்தேகம் என்றால் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். விளிம்பில் இருக்கும் எண்ணை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிக்கும்போது முழுசாகத் திறந்திருந்தால் அது நல்ல வால்வு. திறக்காவிட்டால் புதிது வாங்கிப் போடுங்கள். காலியாக மட்டும் விடாதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறதே என்று விட்டுவிடுவது

ஏசியைப் போடாமல் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) விட்டு, முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையா, ஏசியைப் போடுங்கள். ஒரே ஃபேன் உள்ள வண்டியில் ஏசிக்குச் சுற்றி சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்லாயிருக்கிறது, சென்சார், அதன் வயர், ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தை ஆன் செய்யும் ஸ்விட்ச்) பக்கம் தேடுங்கள். எதற்குமே சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் மோட்டார் உடம்பில் ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள், தட்டியதும் சுற்றினால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஃபேன் எந்த நொடியும் கிளம்பும், விரலை உள்ளே விடாதீர்கள்.

மோட்டார் மாற்றிய வண்டி என்றால் இன்னொன்றும் பாருங்கள். முன்பக்க கிரில்லில் ஒரு செய்தித்தாள் துண்டைக் காட்டினால் அது உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் வயர் மாறிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

ஃபேனுக்கு டைரக்ட் கொடுப்பது

ரிலே இல்லாமல் சாவி ஸ்விட்சிலிருந்து நேரே வயர் இழுப்பார்கள். பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டாருக்கு அந்த ஸ்விட்ச் தாங்காது, தீய்ந்துவிடும்.

ஃபேன் கூட்டை மாட்டாமல் விடுவது

ஃபேனைச் சுற்றியிருக்கும் அந்தக் கூடுதான் காற்றை ரேடியேட்டர் முழுக்க இழுக்க வைக்கிறது. கிளிப் உடைந்திருந்தால் கிளிப்பை வாங்குங்கள்.

கண்டென்சர் அழுக்கு

ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரில் அழுக்கு அடைத்தால் காற்று போகாது, கழுவுங்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே, மெதுவான தண்ணீரில். பிரஷர் வாஷர் அடித்தால் மெல்லிய ஃபின் தகடுகள் மடங்கிவிடும்.

கூலன்ட் மாற்றிவிட்டுக் உள்ளே சிக்கிய காற்றை எடுக்காமல் ஓட்டுவது

வண்டி ஆறியிருக்கும்போது மூக்கைச் சற்று மேட்டில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். குமிழி நிற்கும் வரை கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு உள்ளே படியும்.

லீக் அடைக்கும் பவுடர்

போடாதீர்கள். ஓட்டையோடு ஹீட்டர் கோரையும் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) சேர்த்து அடைத்துவிடும்.