ஸ்பானிஷில் ஒப்பிட்டுப் பேச: 'கே' எங்கே, 'தே' எங்கே?

தமிழ் பேசுபவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும்போது, ஒப்பீடு வரும் அன்றைக்கு ஆங்கிலத்தை ஓரமாக வைக்கச் சொல்வேன். ஆங்கிலத்தில் 'டால், டாலர், டாலஸ்ட்' என்று சொல்லே உருமாறும். ஸ்பானிஷில் அந்தத் தொல்லை இல்லை, தமிழிலும் இல்லை. நாம் 'விட' போட்டு வேலையை முடிக்கிறோம்; அவர்கள் 'மாஸ்' என்று தொடங்கி 'கே' என்று முடிக்கிறார்கள்.

ஸ்பெயினின் தெனெரிஃபே தீவில் இருக்கும் தெய்தே எரிமலை 3,715 மீட்டர். சியெர்ரா நெவாதா மலைத்தொடரின் முலாசேன் சிகரம் 3,479 மீட்டர். 'முலாசேனை விட தெய்தே உயரம்' என்பதை இப்படிச் சொல்லுங்கள்: 'எல் தெய்தே எஸ் மாஸ் ஆல்தோ கே எல் முலாசேன்'. வரிசை தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். தமிழில் 'விட' வந்ததும் 'அதிகம்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் பலர் 'மாஸ்' என்பதை விழுங்கிவிட்டு 'எஸ் ஆல்தோ கே' என்பார்கள். 'மாஸ்' கட்டாயம் வேண்டும். குறைவு என்றால் அந்த இடத்தில் 'மேனோஸ்'. பால், எண் ஒத்துப்போக வேண்டும் என்பது வழக்கமான விதிதான்: ஆண்பாலுக்கு ஆல்தோ, பெண்பாலுக்கு ஆல்தா, பன்மைக்கு ஆல்தோஸ், ஆல்தாஸ். 'என்னை விட' என்பதற்கு 'கே யோ'. 'கே மீ' தவறு.

இந்த அமைப்பு நாக்கில் படிய, ஸ்பெயின்காரர்களின் சொலவடைகளையே மனப்பாடம் செய்யுங்கள். தங்கமான மனுஷனை 'மாஸ் புவெனோ கே எல் பான்' என்பார்கள், ரொட்டியை விட நல்லவர். முடிவே இல்லாமல் இழுக்கும் விஷயம் 'மாஸ் லார்கோ கே உன் தீயா சின் பான்', ரொட்டி இல்லாத நாளை விட நீளம். நிறைய உதாரண வாக்கியங்களை எழுதிப் பழகுவதை விட இப்படி இரண்டு மூன்று போதும், இலக்கணம் தானாக உட்கார்ந்துவிடும்.

ரொட்டியை வைத்துச் சொன்னது குணத்தைப் பற்றி, அதனால் 'மாஸ் புவெனோ' சரி. பொதுவாக 'இன்னும் நல்லது' என்றால் மெஹோர், 'இன்னும் மோசம்' என்றால் பெயோர். இவற்றோடு 'மாஸ்' சேர்க்கக் கூடாது. வயதுக்கு மயோர், மெனோர். அக்கா 'எர்மானா மயோர்', தங்கை 'எர்மானா மெனோர்'. 'அவள் எனக்கு மூத்தவள்' என்பது 'எஸ் மயோர் கே யோ'. அங்கே 'மாஸ் கிராந்தே' என்றால் ஸ்பெயினில் உருவத்தில் பெரியவள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மெக்சிகோவில் வயதுக்கும் அப்படிச் சொல்வது உண்டு. இந்த நான்கு சொற்களும் ஆண்பால் பெண்பாலுக்கு மாறாது. பன்மையில் மட்டும் மெஹோரெஸ், பெயோரெஸ் என்று ஆகும்.

அடுத்து வருவதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்: 'கே' போடுவதா, 'தே' போடுவதா? இதற்கு நம் தமிழே வழி காட்டும். 'நூறு யூரோவை விட அதிகம் செலவானது' என்று யாராவது பேசுவோமா? 'நூறு யூரோவுக்கு மேல செலவாச்சு' என்போம். நீங்கள் இயல்பாக 'க்கு மேல்' என்று சொல்லும் இடத்தில் ஸ்பானிஷில் 'தே' வரும்: 'மாஸ் தே சியென் எயூரோஸ்'. அந்த நூறு யாரோடும் போட்டி போடவில்லை, வெறும் அளவு.

ஆனால் வாக்கியத்தில் 'நோ' வந்தால் கவனம். 'நோ தெங்கோ மாஸ் தே தியேஸ் எயூரோஸ்' என்றால் என்னிடம் பத்து யூரோவுக்கு மேல் இல்லை, ஒன்பதும் இருக்கலாம். 'நோ தெங்கோ மாஸ் கே தியேஸ் எயூரோஸ்' என்றால் பத்து யூரோதான் இருக்கிறது, சரியாகப் பத்து. நம் 'தான்' செய்யும் வேலையை இங்கே 'நோ... மாஸ் கே' செய்கிறது.

தமிழ் கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு. 'நினைத்ததை விட கஷ்டம்' என்பதிலும் 'விட' இருக்கிறது, ஆனால் ஸ்பானிஷில் வெறும் 'கே' போதாது. 'விட'வுக்கு முன்னால் நினைத்தது, சொன்னது, எதிர்பார்த்தது என்று ஒரு வினை ஒளிந்திருந்தால் 'தே லோ கே': 'எஸ் மாஸ் திஃபீசில் தே லோ கே பென்சாபா'. ஒப்பிடுவது ஒரு பெயர்ச்சொல்லின் அளவை என்றால் நடுவில் உள்ள 'லோ' அந்தப் பெயரின் பாலுக்கு ஏற்ப மாறும். 'எதிர்பார்த்ததை விட ஆட்கள் அதிகம்' என்பது 'ஆய் மாஸ் ஹென்தே தே லா கே எஸ்பெராபா'. ஹென்தே பெண்பால், அதனால் 'லா'.

சமம் அல்லது சமமில்லை என்று சொல்ல, பெயரடையோடு 'தான்... கோமோ' (இது ஸ்பானிஷ் 'தான்', நம் 'தான்' இல்லை): 'பார்செலோனா நோ எஸ் தான் கிராந்தே கோமோ மாத்ரித்', மாத்ரித் அளவுக்கு பார்செலோனா பெரிதில்லை. பெயர்ச்சொல் வந்தால் 'தாந்தோ', அதுவும் பால், எண்ணுக்கு ஏற்ப தாந்தா, தாந்தோஸ், தாந்தாஸ் ஆகும். வினையோடு எப்போதும் 'தாந்தோ கோமோ'. அவ்வளவுதான்.

அப்புறம், 'எல்லாவற்றிலும் உயரமானது'. இதற்குப் புதிய உருவம் எதுவும் இல்லை, முன்னால் எல், லா, லோஸ், லாஸ் (ஆங்கில 'தி' போன்றவை) சேர்த்தால் போதும். தெய்தே 'லா மொந்தான்யா மாஸ் ஆல்தா தே எஸ்பான்யா'. 'ஸ்பெயினிலேயே' என்ற 'இலேயே'வுக்கும் 'தே'தான். 'இல்' என்றதும் கை அதற்கான ஸ்பானிஷ் சொல்லான 'என்' எழுதப் போகும், தடுத்து நிறுத்துங்கள். எந்த எல்லைக்குள் என்பதையும் அந்த 'தே'தான் சொல்கிறது. தெய்தே தீவில் இருப்பதால் 'தே லா பெனின்சுலா' (தீவுகள் சேராத தீபகற்பத்தில்) என்று மாற்றினால் பட்டம் முலாசேனுக்குப் போய்விடும். மெஹோர், பெயோர் மட்டும் பெயருக்கு முன்னால் வரும்: 'எல் மெஹோர் கஃபே தே மாத்ரித்'. 'என்னுடைய' என்ற உடைமை ('மி') வந்தால் எல், லா தேவையில்லை: 'மி மெஹோர் அமீகா', என் நெருங்கிய தோழி.

யாரோடும் ஒப்பிடாமல் 'அப்படி ஒரு ருசி' என்று சொல்ல ஆசையா? கடைசி உயிரொலியை எடுத்துவிட்டு 'ஈசிமோ' சேருங்கள். ஆல்தோ ஆல்தீசிமோ ஆகும், லார்கோ லார்கீசிமோ ஆகும், ரீக்கோ (ருசியானது) ரிக்கீசிமோ ஆகும். கடைசி இரண்டிலும் க ஒலி மாறாமல் இருக்க எழுத்துதான் மாறும். அமாப்லே (அன்பான) மாதிரி 'ப்லே'யில் முடிபவை 'அமாபிலீசிமோ' என்று வரும். 'மூய்' என்றாலே 'ரொம்ப' என்பதால், 'மூய் ரிக்கீசிமோ' என்று இரண்டையும் அடுக்காதீர்கள். பயேயா என்ற ஸ்பானிஷ் அரிசி உணவின் பெயர் பெண்பால், ஆகவே பரிமாறியவரிடம் 'லா பயேயா எஸ்தா ரிக்கீசிமா' என்று சொல்லுங்கள்.