பெரியவனா ஆகணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

கப்பர்நகூம்ங்குற ஊருக்குப் போற வழி பூரா இயேசுவோட சீஷர்கள் எத பத்தி வாக்குவாதம் பண்ணிட்டு போனாங்கன்னு பைபிள்ல மாற்கு 9ல இருக்கு. நமக்குள்ள யாரு பெரியவன்னு. வீட்டுக்குள்ள வந்ததும் இயேசு, வழியில என்ன பேசிட்டு வந்தீங்கன்னு கேக்குறாரு, ஒருத்தரும் வாயத் தொறக்கல. அந்த கப்சிப் எனக்கு நல்லா தெரியும், ஏன்னா நானும் சர்ச் வேலைய முடிச்சுட்டு வீட்டுக்குப் போறப்ப மனசுக்குள்ள அதே கணக்குதான் போட்டுட்டு போவேன், எல்லாம் நான்தானே செஞ்சேன், நன்றி சொல்றப்ப என் பேர மட்டும் ஏன் விட்டாங்கன்னு..

ஒண்ணு கவனிங்க, முதல்வனா வரணும்னு ஆசைப்பட்டதுக்கு அவர் அங்க திட்டல. முதல்வனா இருக்கணும்னா எல்லாருக்கும் கடைசியா இரு, எல்லாருக்கும் வேலைக்காரனா இருன்னு சொல்லிட்டு ஒரு சின்ன பிள்ளைய தூக்கிட்டு வந்து நடுவுல நிறுத்துறாரு. ஆசை இருக்கட்டும், ரூட்ட மாத்துன்னு சொல்ற மாதிரிதான் எனக்குப் படுது.

சரி எப்படி மாத்துறது. முதல்ல அந்த "நான் ஒண்ணுமே இல்லாதவன் பிரதர்"ங்குற டயலாக்க விடுங்க. அது தாழ்மை இல்ல. சந்தேகமா இருந்தா டெஸ்ட் பண்ணிப் பாருங்க, நீங்க அப்படி சொன்னதும் எதுக்க நிக்கிறவர் "ஆமா பிரதர், நானும் கவனிச்சேன்"னு சொன்னா உள்ள என்ன நடக்குதுன்னு.

எனக்கு இது புரிஞ்சது ரெண்டு பேர் கதையில. உன் விசுவாசம் பெருசுன்னு இயேசு பாராட்டுனது யூதர் இல்லாத ரெண்டு வெளியாட்கள. ஒருத்தர் மத்தேயு 8ல வர்ற நூற்றுக்கு அதிபதி, அதாவது நூறு பேருக்குத் தலைவனான ரோம ராணுவ அதிகாரி, கைக்கு கீழ அவ்ளோ சோல்ஜர்ஸ வச்சுக்கிட்டு, நீங்க என் வீட்டுக்குள்ள வர எனக்கு தகுதி இல்ல, இங்கருந்தே ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்ங்குறாரு. இன்னொண்ணு மத்தேயு 15ல கானானியப் பெண், மேஜையிலருந்து விழுற துணுக்கு போதும்னு சொன்ன அம்மா. ரெண்டு பேரும் எனக்கு தகுதி இருக்குன்னு வாதாடல, ஆனா கேக்காமலும் போகல. கையில ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சவங்கதான் முழு வெயிட்டையும் அவர் மேல போடுறாங்க, தாழ்மையும் விசுவாசமும் ஒட்டிக்கிற இடம் அதுதான்னு நினைக்கிறேன்.

பிராக்டிக்கலா ஒண்ணு சொல்றேன். யாருக்கும் தெரியாத ஒரு வேலைய எடுத்து ஒரு மாசம் செய்யுங்க, யார்கிட்டயும் சொல்லாம. அந்தரங்கத்துல பார்க்கிற பிதா, அதாவது யாருக்கும் தெரியாம செய்றதையும் பார்க்கிற கடவுள்னு மத்தேயு 6ல இருக்கே, அத நிஜமாவே நம்புறோமான்னு இதுலதான் வெளிய வரும். நான் எடுத்தது ஆராதனை முடிஞ்சதும் மைக் கேபிள் சுத்தி வைக்கிறது. மூணாவது வாரம் ஒரு தம்பிய மேடையில கூப்பிட்டு, எல்லாத்தையும் எவ்ளோ நீட்டா வச்சிருக்கான் பாருங்கன்னு பாராட்டுனாங்க. எனக்கு காதுல புகை வராத குறை, பக்கத்துல இருந்தவர்கிட்ட மெதுவா "கேபிள் மட்டும் நான்தான்"னு சொல்லிட்டேன். மூணு வாரம் செஞ்சது அந்த ஒரு லைன்ல போச்சு, திரும்ப ஒண்ணாவது வாரத்துலருந்து ஆரம்பிச்சேன்.

அடுத்தது இதவிட கஷ்டம், மத்தவங்க உங்களுக்கு செய்ய விடுறது. யோவான் 13ல இயேசு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு சீஷர்களோட கால் கழுவ வர்றப்ப அவங்கள்ல ஒருத்தரான பேதுரு, என் கால நீங்க கழுவவே கூடாதுன்னு மறுக்குறாரு. கேக்க பணிவா தான் இருக்கு, ஆனா இயேசு அத ஏத்துக்கல. எனக்கு யார் ஹெல்ப்பும் வேணாம், நானே பாத்துக்கிறேன்னு சொல்றதுலயும் பெருமை ஒளிஞ்சிருக்கும். அன்னிக்கு கழுவுன கால்கள்ல அவர காட்டிக் குடுத்த யூதாஸோடதும் உண்டு, அத நினைச்சா நமக்கு பிடிக்காதவங்களுக்கு டீ எடுத்துக் குடுக்குறதெல்லாம் பெரிய விஷயமே இல்ல.

மன்னிப்பு கேக்குறப்ப "ஆனா"ங்குற வார்த்தை வரக்கூடாது, அவ்ளோதான்.

ஜெபத்துல எத்தன தடவ "நான்" வருதுன்னும் பாருங்க. லூக்கா 18ல பரிசேயன், அதாவது மதச் சட்டத்த கறாரா கடைப்பிடிக்கிற ஆளு, வாரத்துக்கு ரெண்டு நாள் உபவாசம், தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு)னு லிஸ்ட் வாசிக்கிறான், ஊரே வெறுத்த வரி வசூலிக்கிற ஆயக்காரன் தலையக்கூட தூக்காம கிருபை கேட்டுட்டு நீதிமானா வீட்டுக்குப் போறான். இதப் படிச்சதும் நல்லவேளை நான் அந்தப் பரிசேயன் மாதிரி இல்லன்னு தோணும் பாருங்க, மாட்டிக்கிட்டோம்!

முக்கியமா ஒண்ணு, தாழ்மைன்னா யாரு மிதிச்சாலும் படுத்துக்கிறது இல்ல. யோவான் 18ல ஒரு சேவகன் அறைஞ்சப்ப இயேசுவே, நான் தப்பா பேசியிருந்தா எதுன்னு காட்டு, சரியா பேசியிருந்தா ஏன் அடிக்கிறன்னு கேட்டாரு. தாழ்மையா இருன்னு சொல்லியே உங்கள அடக்கி வைக்கிறவங்க இருந்தா தாராளமா கேள்வி கேளுங்க.

என் கேபிள் கதை இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. போன வாரம் அந்தத் தம்பியே வந்து, அண்ணே இத எப்படி முறுக்கு விழாம சுத்துறதுன்னு கேட்டான், சொல்லிக் குடுத்தேன். இத ஆரம்பிச்சதே நான்தான்டான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. அதாவது பாதி சொல்லிட்டு நிறுத்திட்டேன்.