அட்டாச்மென்ட் தடுப்பு: புது அட்மின்கள் செய்யும் தவறுகள்

எங்கள் ஐடி பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி போன வாரம் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். "அட்டாச்மென்ட் போகலையா மேடம்? ஜிப் பண்ணி பாஸ்வேர்டு போடுங்க, போயிடும்." எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையே, இதே மிடுக்கோடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே, ஆன்டிவைரஸை அப்டேட் செய் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப்

மெயில் சர்வரில் இருக்கும் ஃபில்டர் சாதாரண ஜிப்பைப் பிரித்து உள்ளே பார்க்கும். பாஸ்வேர்டு இருந்தால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைப் பிடித்து வைக்கும்படி நாம் செட்டிங் போடாவிட்டால் பல ஃபில்டர்கள் அப்படியே உள்ளே விட்டுவிடும். இந்தக் குறுக்குவழி பலிப்பது அதனால்தான். நமக்குப் பலிப்பது வைரஸ் அனுப்புகிறவனுக்கும் பலிக்கும். 2020இல் எமோட்டெட் என்ற வைரஸைப் பரப்பிய கும்பல் இதைத்தான் செய்தது. திருடிய பழைய மெயிலுக்குப் பதில் எழுதுவதுபோல ஒரு மெயில், அதில் பூட்டிய ஜிப், பாஸ்வேர்டும் அதே மெயிலில்.

எங்களுக்கும் அப்படி ஒன்று வந்தது. சரக்கு தரும் ஒரு கம்பெனியோடு கணக்குப் பிரிவு அக்கா பேசிக்கொண்டிருந்த மெயிலுக்கே பதில். பில் இணைத்திருக்கிறோம், பாஸ்வேர்டு இது, அவ்வளவுதான். உள்ளே ஒரு வேர்ட் ஃபைல். திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்து 'எனேபிள் கன்டென்ட்' என்றது (ஃபைலுக்குள் இருக்கும் நிரலை ஓட விடும் பொத்தான் அது), அழுத்திவிட்டார். மறுநாள் காலையில் எங்கள் முகவரியிலிருந்தே வாடிக்கையாளர்களுக்கு அதே மாதிரி மெயில் போய்க்கொண்டிருந்தது. பதினோரு கம்ப்யூட்டர்களை அழித்துத் திரும்ப ஏற்ற இரண்டு ராத்திரி ஆனது.

பாஸ்வேர்டு அதே மெயிலில் இருந்ததே, சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். "நீங்கதானே தம்பி, பாஸ்வேர்டு போட்டு வந்தா பாதுகாப்புன்னு சொன்னீங்க?" என்றார். சொன்னதுதான்.

பாஸ்வேர்டைத் தனி மெயிலில் அனுப்பினால் சரியா? ஜப்பானில் அது அலுவலக மரபாகவே இருந்தது. கிண்டலாக 'பிபிஏபி' என்று பெயர் வைத்திருந்தார்கள். 2020 நவம்பரில் அங்கே அமைச்சரவை அலுவலகமே அதைக் கைவிட்டது. முதல் மெயிலைப் படிக்க முடிந்தவன் அடுத்த மெயிலைப் படிக்க மாட்டானா?

இப்போது எங்களிடம் பிரிக்க முடியாத ஜிப் எல்லாம் குவாரன்டைனுக்கு, அதாவது சந்தேகமானதைத் தனியே பிடித்து வைக்கும் இடத்துக்குப் போகும். ரகசிய ஃபைல் என்றால் ஆன்லைன் டிரைவில் வைத்து, வாங்குகிறவர் ஒருவருக்கு மட்டும் அனுமதி கொடுத்து லிங்க் அனுப்புகிறோம். முதல் வாரம் திட்டினார்கள். அப்புறம் பழகிவிட்டது.

சொல்லாமல் தடுப்பது

அட்டாச்மென்ட்டை வெட்டிவிட்டு ஒரு வரி தகவல்கூடத் தராமல் இருப்பது. அனுப்பியவர் போய்விட்டது என்றிருப்பார், வாங்குகிறவர் இன்னும் வரவில்லை என்றிருப்பார். இரண்டு முறை இப்படி ஆனால் ஆபீஸ் ஃபைலெல்லாம் வாட்ஸ்அப்பில் ஓட ஆரம்பித்துவிடும். ஜிமெயில், திறந்தால் நிரலாக ஓடும் இஎக்ஸ்இ ஃபைலை ஜிப்புக்குள் வைத்தாலும் தடுக்கிறது, 2017 பிப்ரவரியிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலையும். ஆனால் தடுத்ததை அனுப்புகிறவரிடம் சொல்லிவிடுகிறது.

கண்டதையெல்லாம் தடுப்பது

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற பழைய மெயில் மென்பொருளில் ஆபத்தான அட்டாச்மென்ட்டைத் திறக்க விடாத ஒரு டிக் இருந்தது. அது பிடிஎஃப்பைக்கூட மறித்தது. ஒரு பில்லைத் திறப்பதற்காக டிக்கை எடுத்தவர்கள் திரும்பப் போட்டதை நான் பார்த்ததில்லை.

எக்ஸ்டென்ஷனை மறைத்து வைப்பது

ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வந்து, அது என்ன வகை என்று காட்டுவதுதான் எக்ஸ்டென்ஷன். விண்டோஸ் அதை மறைத்தே தருகிறது. 2000 மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸில் வெறும் எழுத்து ஃபைலைக் குறிக்கும் டிஎக்ஸ்டி கண்ணுக்குத் தெரிந்தது, அதற்குப் பின்னால் இருந்த, ஓடும் நிரலைக் குறிக்கும் விபிஎஸ் தெரியவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தெரிய வையுங்கள்.

டொமைனையே விலக்குப் பட்டியலில் போடுவது

மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதுதான் டொமைன். அதை விலக்குப் பட்டியலில் போட்டால் அங்கிருந்து வருவதையெல்லாம் ஃபில்டர் பார்க்காமலே விட்டுவிடும். வேண்டாம். அந்தச் சரக்குக் கம்பெனியின் டொமைன் எங்கள் பட்டியலில் இருந்தது. போட்டவன் நான்தான்.