சஃபாரி முடிந்து குளிருக்குள் திரும்பும்போது

வெயில் நாட்டில் சஃபாரி போய் விலங்குகளைப் பார்த்துவிட்டுக் குளிர்கால ஊருக்குத் திரும்புகிறீர்களா? விமானம் ஏறும் முன்பே குளிருக்குத் தயாராக ஆரம்பித்துவிடுங்கள். ஆளுக்கொரு ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டால் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு பனியில் இறங்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மறக்கவே கூடாதது, பயணத்துக்காகச் சாப்பிட்டுவரும் மலேரியா தடுப்பு மாத்திரை. ஊர் திரும்பியாயிற்றே என்று நிறுத்திவிடாதீர்கள். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் மலேரியா பகுதியை விட்டு வந்தபின் 7 நாள், டாக்சிசைக்ளின் அல்லது மெஃப்ளோகுவின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும், ஏனென்றால் கொசு கடித்தபோது உள்ளே போன கிருமி ரத்தத்தில் தலைகாட்டவே நாளாகும். அதன்பிறகும், ஓராண்டு வரைக்கும்கூட, காய்ச்சல் வந்தால் குளிர்காலக் காய்ச்சல்தானே என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய், எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

அப்புறம் தூசி. கேமரா, பைனாகுலர் லென்ஸை எடுத்தவுடன் துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் காற்றடித்துத் தூசியைப் போக்குங்கள்.

விடியலில் எழுந்த பழக்கம் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை விடாதீர்கள். வெளிச்சம் வந்ததும் பிள்ளைகளோடு வெளியே நடங்கள், அதே பைனாகுலரையும் எடுத்துக்கொண்டு. இலையுதிர்ந்த மரங்களில் பறவைகள் நன்றாகவே தெரியும்.