சிஸ்கோ யூ.சி.எஸ்: முதல் சர்வீஸ் ப்ரொஃபைல் போடுவது எப்படி?

பிளேடு சர்வரில் (ஒரே பெட்டிக்குள் அட்டைபோல் செருகும் சர்வர்) மதர்போர்டு போய்விட்டால் புது பிளேடைச் செருக ஐந்து நிமிடம் போதும். தலைவலி அதற்கப்புறம்தான். நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி மாறியிருக்கும், ஸ்டோரேஜுக்குப் போகும் ஃபைபர் சேனல் போர்ட்டின் அடையாள எண்ணான டபிள்யூ.டபிள்யூ.பி.என் மாறியிருக்கும். ஸோனிங்கை (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற அமைப்பை) மாற்றச் சொல்லி ஸ்டோரேஜ் டீமின் பின்னால் அலைய வேண்டும்.

2009-ல் வந்த சிஸ்கோ யூ.சி.எஸ் என்ற சர்வர் அமைப்பு இந்த எண்களை இரும்பிலிருந்து பிரித்து, சர்வீஸ் ப்ரொஃபைல் என்ற ஒன்றுக்குள் வைத்தது. கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தைதான்: உயிர் ப்ரொஃபைல், கூடு பிளேடு.

படி 1: பூல்கள்

ப்ரொஃபைல்களுக்குக் கொடுக்க எண்களைச் சேர்த்து வைக்கும் இடம்தான் பூல். யூ.சி.எஸ்-ஐ நிர்வகிக்கும் மென்பொருளான யூ.சி.எஸ் மேனேஜரில் லேன் டேப், அதில் பூல்ஸ், அதில் மேக் பூல். 00:25:பி5 என்ற தொடக்கத்தை அதுவே காட்டும், அதை மாற்றாதீர்கள். நான்காவது பைட்டில்தான் நம் சாமர்த்தியம். யூ.சி.எஸ்-ல் நெட்வொர்க் ஏ, பி என்று இரண்டு தனிப் பாதைகளாக (ஃபேப்ரிக்) இருக்கும். நான் ஏ பக்கத்துக்கு 1ஏ, பி பக்கத்துக்கு 1பி என்று வைப்பேன். முன்னால் உள்ள 1, எத்தனையாவது யூ.சி.எஸ் டொமைன் (ஒரே மேனேஜரின் கீழ் உள்ள தொகுதி) என்பதற்கு. நள்ளிரவில் ஸ்விட்சில் 00:25:பி5:1ஏ:00:07 என்று பார்த்தால், எந்த டொமைன், எந்த ஃபேப்ரிக் என்று அப்போதே தெரிந்துவிடும். இரண்டு டொமைனுக்கும் ஒரே வரிசையைக் கொடுத்தால், ஒரே வி-லேனில் (நெட்வொர்க் பிரிவில்) இரண்டு சர்வர்கள் ஒரே மேக்குடன் முட்டிக்கொள்ளும்.

யூ.யூ.ஐ.டி (சர்வரின் அடையாள எண்) பூல் சர்வர்ஸ் டேபிலும், டபிள்யூ.டபிள்யூ.என் (ஃபைபர் சேனல் அடையாள எண்கள்) பூல்கள் சான் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) டேபிலும் இருக்கின்றன. அதே முறைதான்.

படி 2: வி-நிக் டெம்ப்ளேட்

வி-நிக் என்பது சர்வருக்குத் தெரியும் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு. அதற்கு இரண்டு டெம்ப்ளேட் போடுங்கள்: ஒன்று ஃபேப்ரிக் ஏ, ஒன்று பி. வகை 'அப்டேட்டிங்' ஆக இருக்கட்டும். பிறகு ஒரு வி-லேன் சேர்க்க ஒவ்வொரு சர்வராகப் போக வேண்டாம். புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் நேட்டிவ் வி-லேன். ஓ.எஸ் தான் அனுப்பும் டேட்டாவில் வி-லேன் எண்ணை (டேக்) போடாவிட்டால், அதன் வி-லேனை இங்கே நேட்டிவ் என்று டிக் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் லிங்க் பச்சையாக எரியும், பிங் மட்டும் போகாது.

படி 3: மெயின்டனன்ஸ் பாலிசி

ரீபூட் கேட்கும் மாற்றம் எப்போது அமலாக வேண்டும் என்று சொல்வது இதுதான். பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் போனேன். ஒரு பகல் வேளையில், அப்டேட்டிங் வகை சர்வீஸ் ப்ரொஃபைல் டெம்ப்ளேட் ஒன்றில் 'சும்மா' ஒரு வி-நிக்கைக் கூடுதலாகச் சேர்த்து சேவ் செய்தேன். அந்த டெம்ப்ளேட்டிலிருந்து வந்த சர்வர்கள் எல்லாம் வரிசையாக ரீபூட் ஆயின. பாலிசியில் 'இமீடியட்' என்று இருந்திருக்கிறது. போன் அடிக்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

ஆகவே 'யூசர் அக்' என்று ஒரு பாலிசியை முதலிலேயே உருவாக்குங்கள். ரீபூட் கேட்கும் மாற்றங்கள் அப்போது 'பெண்டிங் ஆக்டிவிட்டீஸ்'-ல் காத்திருக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் நீங்கள் ஒப்புதல் கொடுத்தால்தான் சர்வர் ரீபூட் ஆகும்.

படி 4: டெம்ப்ளேட், ப்ரொஃபைல், இணைப்பு

சர்வர்ஸ் டேபில் சர்வீஸ் ப்ரொஃபைல் டெம்ப்ளேட்டைத் திறந்து, மேலே செய்தவற்றையும் பூட் பாலிசியையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். டெம்ப்ளேட்டிலிருந்து ப்ரொஃபைலை உருவாக்கி, காலியாக உள்ள பிளேடுடன் அசோசியேட் செய்யுங்கள். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் எஃப்.எஸ்.எம் டேபில் சதவீதம் ஏறும். இடையில் பிளேடு தானாக ரீபூட் ஆகும். அவசரப்பட்டு பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

படி 5: கூடு மாற்றிப் பாருங்கள்

லைவ் ஆவதற்கு முன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஓ.எஸ்-ஐ முறையாக ஷட்டவுன் செய்து, ப்ரொஃபைலை ஸ்லாட் 3-லிருந்து டிஸ்அசோசியேட் செய்து, ஸ்லாட் 7-ல் உள்ள அதே மாடல் பிளேடில் அசோசியேட் செய்யுங்கள். சான் பூட் (ஓ.எஸ் ஸ்டோரேஜ் நெட்வொர்க்கிலிருந்தே எழுவது) என்றால் அதே மேக், அதே டபிள்யூ.டபிள்யூ.பி.என்னுடன் சர்வர் எழுந்து வரும். ஸோனிங்கைத் தொட வேண்டியதில்லை. ஓ.எஸ் லோக்கல் டிஸ்கில் இருந்தால் மட்டும், டிஸ்குகளையும் கழற்றி அதே வரிசையில் புது பிளேடில் செருக வேண்டும். அடையாளம்தான் ப்ரொஃபைலோடு போகும், டேட்டா போகாது.